வால் பக்கத்துப் பக்குவம்

— அப்துல் ஹமீத் பாய், நேராவே சொல்லிடுங்க. போன செவ்வாக்கெழமை குடுத்தது கெடா விதைதானா, இல்ல வேற எதையாச்சும் சுருட்டிக் குடுத்தீங்களா?

— அரே, கோதண்டபாணி சார்! ஆம்பூர்ல கால வெச்சதும் வெக்காததுமா சண்டையா? கெடாவுக்கு ரெண்டுதான் சார் இருக்குது. அதுல டூப்ளிகேட் பண்ற அளவுக்கு நான் இன்னும் படிக்கல.

— கிண்டல் வேணாம் பாய். என் மூணு வருஷப் படிப்பு போவுது.

— படிப்பு எங்க போவும்? எனக்குத்தான் கிராக்கி போவுது. விதை இருக்கான்னு கேக்கறவங்க கிட்டல்லாம், டாக்டர் வாங்கினு போய்ட்டாருன்னு சொல்லிச் சொல்லி வாயி வலிக்குது. வறுத்துத் துன்ற சாமான நீங்க மைக்ராஸ்கோப்புல வெச்சி மொறைக்கிறீங்க.

— நான் இன்னும் டாக்டர் ஆவல. ஆவ வுடாம பண்ணிட்டீங்க.

— இன்னா பண்ணேன்னு சொல்லிட்டுத் திட்டுங்க. வெவரமா வாங்கிக்கிறேன்.

— விதைமேல ஒட்டிக்கினு ஒரு சுருள் கொழாய் இருக்குது இல்ல? விந்தணு அந்தக் கொழாயோட தலைப்பக்கம் பூந்து, வால் பக்கம் வந்து சேர்றதுக்குள்ள பக்குவமாவும். அப்ப விந்தணுவோட மேல்தோல் மாறும். அது எப்படி மாறுதுன்றதுதான் என் ஆராய்ச்சி.

— தோலு மாறுறதப் பாக்க மைக்ராஸ்கோப்பு எதுக்கு சார்? இந்த ஊர்ல தோல் பதப்படுத்தற எந்த ஷாப்பு பக்கமாச்சும் மூக்கப் புடிச்சினு ஒரு நடை போனா போதுமே.

— கொஞ்சம் கேளுங்க. சாயம் போட்டுப் பாத்தேன். தலைப்பக்கத்து அணு மேல பளிச்சுனு ஒட்டுது. வால் பக்கத்துல துளிகூட ஒட்டல. மத்தவங்கல்லாம் மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமா மாறுதுன்னுதான் எழுதியிருக்காங்க. வால் பக்கம் வந்ததும் முழுசா உரிஞ்சி போவுதுன்னு மொதல்ல பாத்தவன் நான்.

— மாஷா அல்லா. கெடாவுக்கே தெரியாத சங்கதி.

— எல்லாத்தையும் டைப் அடிச்சி பைண்டும் பண்ணியாச்சு. பரீட்சைக்கு வந்தவரு, ஒரே ஒரு வாட்டி என் கண்ணெதிர்ல காட்டு, பட்டம் வாங்கிக்கோன்னாரு. அதுக்குத்தான் செவ்வாக்கெழமை சாமான். அவரு குனிஞ்சி பாக்கறாரு, வால் பக்கமும் சாயம் ஒட்டிக்கினு நிக்குது! கொஞ்சம் மங்கல், அவ்ளோதான். எனக்கு அழுகையே வந்துடிச்சி பாய்.

— அவரு இன்னா சொன்னாரு?

— எந்தக் கடையில வாங்கினேன்னு கேட்டாரு.

— பாத்தீங்களா, நம்ம கடைக்குப் படிச்சவங்க நடுவுலயும் பேரு.

— இன்னிக்கி சாயந்தரம் இன்னொரு வாட்டி காட்டணும். அதுவும் அப்படியே இருந்திச்சின்னா, குடியாத்தம் போய் அப்பாவோட தறியில லுங்கி நெய்ய வேண்டியதுதான். சொல்லுங்க, அன்னிக்கி மட்டும் இன்னா தப்பு பண்ணீங்க?

— அது வந்து... கோச்சிக்காதீங்க சார். தப்பு நடந்தது வாஸ்தவம்தான்.

— ஒத்துக்கிட்டீங்களா! எனக்குத் தெரியும் பாய், எனக்கு அப்பவே தெரியும்! குட்டிக் கெடாவா? சீக்குக் கெடாவா? ஒரு வரி எழுதிக் குடுங்க, அதையே அவர் கையில குடுத்துடறேன்.

— கெடா நல்ல கெடா. அன்னிக்கி என் பொண்ணப் பாக்க வாணியம்பாடிலேர்ந்து வந்திருந்தாங்க. கடையில என் மச்சான் குர்ஷித்துதான் இருந்தான். அவனுக்கு உங்க சாமானோட பக்குவம் தெரியாது. வெட்டுனத வெட்டுனாப்புலயே குடுத்துட்டான்.

— வெட்டுனாப்புலதானே குடுக்கணும்? நீங்க வேற எப்படிக் குடுப்பீங்க?

— நல்லா கேட்டீங்க. நாங்க வெட்டறது விடியக்காலம், நீங்க வர்றது பத்து மணி. அதுக்குள்ள அழுகிப் போவாதா? அதான் தோலுக்குப் பண்றாப்புல, கல்லுப்பு போட்டு அழுத்தித் தேச்சி, நீங்க பஸ்ஸவுட்டு எறங்கறதுக்குள்ள அலசி வெச்சிடுவேன். முழுசுக்கும் இல்ல, நீங்க முக்கியம்னு சொன்ன வால் பக்கத்துக்கு மட்டும். மூணு வருஷமா ஒரு நாளு தவறல சார், அந்த செவ்வாக்கெழமையத் தவிர.

— உப்பா... மூணு வருஷமா?

— மொகத்த ஏன் சார் அப்படி வெச்சிக்கிறீங்க? பேஜாரே வேணாம். இன்னிக்கி ரெண்டு கை ஜாஸ்தியாவே போட்டிருக்கேன், போய் பட்டத்த வாங்கினு வாங்க.