லட்சுமிநாராயணன் ஏறாத இருபத்திரண்டு படி

மேடையில் இருக்கும் நிர்வாகிகளுக்கும் செல்லூர் ஜவுளி வியாபாரிகளாகிய உங்களுக்கும் வணக்கம். நூல் வியாபாரி லட்சுமிநாராயணன் அண்ணன் போன புதன்கிழமை மாரடைப்பில் இறந்துபோனார். முப்பது வருடம் நம் சங்கத்து உறுப்பினர். விபத்தில் கால்கள் செயலிழந்து, கடைசி ஏழு வருடம் சக்கர நாற்காலியில் இருந்தார். அந்த விபத்துக்குப் பிறகு நம் சங்கக் கூட்டம் நடக்கும் இந்த மாடிக்கு இன்றுதான் வந்திருக்கிறார், படமாக. இருபத்திரண்டு படி. தூக்கி வந்தவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

நேர்மையானவர், நிர்வாகத் திறமை உள்ளவர் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். அப்படிப்பட்டவரை நிர்வாகக் குழுவிலிருந்து நீக்கியது யார்? நாம்தான். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் பதவி இழப்பார் என்று விதி. பொருளாளராக நீக்கல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் இந்த வெள்ளைத்துரை. நேரில் போய்ச் சொன்னதும் நான்தான்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்ணே."

"படியும் எல்லாருக்கும் ஒண்ணுதான் வெள்ளத்துரை. வம்பே அதுதான்."

"நாலு பேரு தூக்கிட்டு வந்துர்றோம்ணே."

"வாறது சரி. ஒங்க பேச்சு பிடிக்காமக் கோவிச்சுக்கிட்டுப் பாதியில கெளம்பணும்னா? அதுக்கும் ஒங்களையே கூப்பிடணுமாக்கும்?"

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எனக்கு அவர் கடையில்தான் புரிந்தது. இது நம் சொந்தக் கட்டடம், சட்டத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். "கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு விடுறீகள்ல? ஊரே வந்து போற எடம்யா. தனியாருதுன்னாலும் சட்டம் விடாது" என்றார். லிஃப்ட் கேட்டு மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனுப் போட்டார். நாம் என்ன செய்தோம்? வாய்தா கேட்டோம். ஒரு தடவையா, இரண்டு தடவையா? இழுத்தடித்தால் ஆள் தளர்ந்துவிடுவார் என்று யோசனை சொன்னவனும் நான்தான். நினைத்ததற்கு மேலாகவே பலித்துவிட்டது.

அவர் மகள் வித்யாஸ்ரீ மேலே வரவில்லை. கீழே வாசலில் உட்கார்ந்திருக்கிறார். "அப்பா ஏற முடியாத எடத்துல அப்பாவுக்கு எதுக்கு அங்கிள் மாலை?" என்று கேட்டார். பதில் இருப்பவர்கள் போய்ச் சொல்லுங்கள்.

நான் காலையிலேயே வித்யாஸ்ரீயிடம் பேசி முடித்திருக்கிறேன். நிர்வாகிகள் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அவரை நீக்கியது தவறு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறோம். மனுவை மகள் தொடர்ந்து நடத்துவார், சங்கம் எதிர்க்காது. தை முடிவதற்குள் லிஃப்ட். அதுவரை கூட்டமெல்லாம் தரையோடு இருக்கும் என் குடோனில், வாடகை இல்லாமல். நீங்கள் இறங்கியதும் இந்த மாடி பூட்டப்படும். சாவி வித்யாஸ்ரீயிடம் இருக்கும்.