மேட்டில் போர்த்திய சாக்கு

ஆயிரத்து நூற்று ஆறு நாள்களாக, தன்னுடையதல்லாத ஒரு பழியைத் துண்டைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த பெருந்தகையே, மழைக்கு முன்னால் போய் நின்று மண்ணைக் காத்த மாண்பாளரே, எங்கள் ஆறுமுகச்சாமி அண்ணாச்சி அவர்களே,

தங்கள் பணி நிறைவு நாளான இன்று, கார்முகில் கட்டுமான நிறுவனத்தின் சங்கரன்கோவில் அலுவலகத்தார் வாசித்து வழங்கும் மடல் இது.

"மாண்பாளர் கீண்பாளர் எல்லாம் வேண்டாம், நாலு வரியில முடிங்க" என்று முந்தாநாள் சொன்னீர்கள். முதல் வரியிலேயே மீறிவிட்டோம். சட்டம் போட்டு மாட்டுகிற மடலில் அந்தச் சொல் இல்லாவிட்டால் சுவர் ஒப்புக்கொள்ளாது. நாலு வரி என்பதும் நடக்காது.

முப்பத்தோரு வருடம் வேலைத்தள மேற்பார்வையாளராக இருந்தீர்கள். புது இடத்துக்குப் போனதும் நாங்கள் எல்லோரும் அஸ்திவாரம் எங்கே வரும் என்று பார்ப்போம். நீங்கள் தண்ணீர் எங்கே போகும் என்று பார்ப்பீர்கள். சரிவில் குறுக்கே வரப்பு போடுவீர்கள். தோண்டிய மண்ணைக் குவித்தால் அன்றைக்கே தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். தாழ்ந்த மூலையில் ஒரு குழி இருக்க வேண்டும். கலங்கல் தண்ணீர் அங்கே நின்று, மண் அடியில் தங்கி, தெளிந்த தண்ணீர் மட்டும் வெளியே போக வேண்டும். "நாம கட்டடம் கட்ட வந்தோமா, வயல் வெட்ட வந்தோமா?" என்று கேட்ட பொறியாளர்களை இந்த அலுவலகம் வரிசையாகப் பார்த்திருக்கிறது. அவர்கள் எல்லோரும் மாறிப் போனார்கள். வரப்பு மட்டும் ஒவ்வொரு தளத்திலும் இருந்தது.

வாசலில் ஜல்லி பரப்பி, லாரிச் சக்கரத்தைக் கழுவிவிட்டுத்தான் தார்ச்சாலை ஏற வேண்டும் என்பது உங்கள் சட்டம். நம் ஓட்டுநர் ஷேக் ஃபரீத் அண்ணன் ஒருநாள் பொறுமை இழந்தார்.

"அண்ணாச்சி, தினமும் டயரைக் கழுவச் சொல்லுதீங்க. நான் என்ன மாட்டையா ஓட்டிட்டு வாரேன்?"

"மாடுன்னா குளத்தைக் கண்டா தானே எறங்கிக்கிடும் வே. ஒம்ம லாரிக்கு அந்தப் புத்தி இல்லேல்லா" என்றீர்கள்.

ஃபரீத் அண்ணன் இன்றைக்கும் வீட்டு பைக்கைக்கூடக் கழுவிவிட்டுத்தான் எடுக்கிறார். அவர் வீட்டில் உங்கள் மீது ஒரு மனத்தாங்கல் இருக்கிறது.

இவ்வளவும் எந்த மடலிலும் எழுதக்கூடியது. இனி எழுதப்போவது, நீங்கள் யாரிடமும் சொல்லாதது. உங்கள் ஊரான மைலாஞ்செவலிலிருந்து வந்து மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே எழுதியது. நடுவில் எழுந்து "போதும், நிறுத்து" என்று சொல்லாமல் இருக்க வேண்டுகிறோம்.

மூன்று வருடத்துக்கு முன், புளியங்குடிக்கு வெளியே, மைலாஞ்செவலுக்கு மேலே உள்ள செம்மண் மேட்டில், எலுமிச்சை சேமிக்கும் கிடங்கு ஒன்றைக் கட்டத் தொடங்கினோம். மேட்டை வெட்டியதும் மண் பச்சைக் காயம் போலத் திறந்து கிடந்தது. சரிவின் கீழே ஓடை, ஓடை போய் விழுகிற இடம் உங்கள் ஊர் ஊருணி. மழைக்காலம் நெருங்கியது. எலுமிச்சைச் சந்தையில் பழைய சணல் சாக்குகளைக் கேட்டு வாங்கி, பிரித்து, சரிவு முழுக்கப் போர்த்தி, கருவேலங்குச்சி அடித்து நிறுத்தினீர்கள். வெயில் ஏறினால் மேடு முழுவதும் ஊறுகாய்ப் பானை போல மணக்கும்.

அந்தத் தளத்தில் கான்கிரீட்டின் தரம் பார்க்க ஒரு பெண் சேர்ந்திருந்தாள். வேதியியல் பட்டதாரி. சேர்ந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டாள். யாராவது கேட்டால், கேட்டதற்கு மட்டும் தரையைப் பார்த்துப் பதில் சொல்வாள்.

அன்று வெள்ளிக்கிழமை. ராயகிரியில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு நீங்கள் அரை நாள் விடுப்பில் போயிருந்தீர்கள். முந்தைய நாள் வார்த்த பதினாறு தூண்களுக்கும் காலையில் பலகை பிரித்தார்கள். வார்த்த தூணைச் சாக்கு சுற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், காய்ந்தால் வெடிக்கும். சாக்கு ஆறு தூணுக்குத்தான் இருந்தது. அன்றைக்குப் பார்த்து வறண்ட மேல்காற்று சுழற்றி அடித்தது.

கொத்தனாருடன் வேலை பார்க்கும் சங்கரேஸ்வரி அக்கா வந்து கேட்டாள். "மேடம், சாக்கு பத்தாது போலுக்கே. அண்ணாச்சி கொண்டாரேன்னு ரெண்டு நாளா சொல்லுதாவ, மறந்துட்டாவ போல. என்ன செய்ய?"

அந்தப் பெண் கைப்பேசியை எடுத்தாள். உங்கள் எண்ணை எடுத்துப் பார்த்தாள். விசேஷ வீட்டில் நாலு பேர் நடுவில் நீங்கள் இருப்பீர்கள், என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்தாள். போன் பேசுவதைவிட முடிவெடுப்பது அவளுக்கு எளிதாக இருந்தது. வானத்தைப் பார்த்தாள், ஒரு மேகம் இல்லை. சாயங்காலம் நீங்கள் வந்ததும் வேறு சாக்கு வாங்கி மேட்டை மூடிவிடலாம், தூண் அதுவரை தாங்காது என்று கணக்குப் போட்டாள். கணக்கில் ஒரு தவறும் இல்லை. மழை அதில் சேரவில்லை.

"மேட்டில இருக்கிற சாக்கை எடுத்துச் சுத்துங்கக்கா" என்றாள்.

மூன்றே முக்காலுக்கு மழை பிடித்தது. ஐம்பது நிமிடம் பெய்தது. மேடு கரைந்து, வரப்பை உடைத்து, குழியை நிரப்பி, ஓடை வழியே சிவப்பாக இறங்கியது. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு சரிவில் நின்ற அவள் காலடியிலும் மண் போனது. தூண்கள் மட்டும் நன்றாக நனைந்தன.

மறுநாள் காலையில் ஊரே ஏறி வந்தது. ஊருணிப் பொறுப்பைப் பார்த்துவந்த இசக்கிராஜா ஐயா, உங்கள் மைத்துனர் முறை, முன்னால் நின்றார்.

"ஊருணியில ஆடு வாய் வைக்க மாட்டேங்கு வே. படித்துறையில மூணு படி மண்ணுக்குள்ள போயிட்டு. மேட்டில போட்டிருந்த சாக்கை உருவச் சொன்னது யாரு?"

சிமென்ட் மூட்டை அடுக்குக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றாள். சங்கரேஸ்வரி அக்கா அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"நாந்தான் சொன்னேன்" என்றீர்கள்.

"நீரா? எங்கன வேலைக்குப் போனாலும் குறுக்க வரப்பு போடுத ஆளு, சொந்த ஊரு தண்ணியில மண்ணள்ளிப் போட்டீராக்கும்."



அவர்கள் இறங்கிப் போனதும் அவள் உங்களிடம் வந்தாள். "அண்ணாச்சி, நான் போய்ச் சொல்லிடுதேன்."

"என்னன்னு சொல்லுவ? சாக்கு வாங்கி வைக்காம பால்காய்ப்புக்குப் போனவன் நானு. நீ வந்து இருவது நாள் ஆகல. இன்னிக்கே உன்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க மக்கா. எனக்கு நாலு ஏச்சு, அம்புட்டுத்தான். எங்க ஊருதானே, ஏசும், பொறவு விட்டுரும்."

ஊர் விடவில்லை, அண்ணாச்சி. கொடைத் திருவிழா அன்று கோயிலுக்கு ஊருணியிலிருந்து முதல் குடம் எடுப்பது உங்கள் வீட்டு முறை. அடுத்த கொடைக்கு அந்தக் குடத்தை வேறு வீட்டில் கொடுத்தார்கள். உங்களுக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை. போய் நின்ற பிறகுதான் தெரிந்ததாம்.

பதினோரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தனியாக மண்வெட்டியோடு போய்ப் படித்துறையில் மண் அள்ளினீர்கள். கரையில் நின்ற ஒருத்தி, "கொட்டுன கையே அள்ளுது பாருங்கட்டி" என்றாளாம். "கொட்டுன கைக்குத்தானே எடம் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையை நிரப்பினீர்களாம். ஃபரீத் அண்ணன் வந்து இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் எழுந்து போய், தரம் சோதிக்க வார்த்து வைத்த கான்கிரீட் கட்டைகளை எண்ணினாள். ஏற்கெனவே எண்ணி வைத்த கட்டைகள்தாம்.

அந்தப் பதினோரு ஞாயிறும் அவள் கடையநல்லூரில் தன் வீட்டில் இருந்தாள். பேருந்தில் ஏறினால் மைலாஞ்செவலுக்கு ஒரு மணி நேரப் பயணம். ஒரு வாரம் நிறுத்தம் வரை வந்து திரும்பிப் போனாள். ஒரு வருடத்தில் அவள் வேலை நிரந்தரமானது. அப்போது சொல்லியிருக்கலாம். நாள் ஆக ஆக, செய்த தவற்றோடு சொல்லாத தவறும் சேர்ந்துகொண்டது. எதை முதலில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நீங்களோ தினமும் தேநீர் வேளையில் அவளைக் கூப்பிட்டு, "கட்டை எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டீர்கள். ஒரு நாளாவது அந்த மழையைப் பற்றிப் பேசவில்லை. அவள் தனியே இருக்கும்போதும் பேசவில்லை. ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அவள் எப்போதோ பேசியிருப்பாள்.

போன வாரம் ஃபரீத் அண்ணன் உங்களிடம், "ஓய்வுக்குப் பொறவு ஊருக்குத்தானே அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"வீடு அங்கனதான் இருக்கு. வேற எங்க போக? பேசுததுக்குத்தான் ஆள் பாக்கணும்" என்று சிரித்தீர்கள்.

அந்தப் பெண் பக்கத்து மேசையில் இருந்தாள்.

மைலாஞ்செவல் பெரியவர்களே, நாளைக் காலை இவர் பெட்டியோடு உங்கள் ஊரில் வந்து இறங்குவார். முப்பத்தோரு வருடம் எங்கெங்கோ உள்ள ஊர்களின் தண்ணீரைக் கலங்காமல் காத்த மனிதர். உங்கள் ஊருணிக்கு இவர் செய்தது பதினோரு ஞாயிறு மண் அள்ளியது மட்டுமே. வந்து இறங்கும்போது யாராவது ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் நின்று பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். கனமாக இருக்கும், தூக்கத் தர மாட்டார், பிடுங்கித்தான் வாங்க வேண்டும்.

அண்ணாச்சி, தங்கள் முழங்கால் வலி தீரட்டும். தங்கள் துணைவியார் அக்காவின் சர்க்கரை அளவு சொன்னபடி கேட்கட்டும். பெய்கிற மழையை வீட்டு வாசலில் உட்கார்ந்து, எழுந்து ஓட வேண்டிய தேவை இல்லாமல் பார்க்கிற ஆயுள் தங்களுக்கு நிறைய வாய்க்கட்டும் என்று, இங்கே கையெழுத்திட்ட முப்பத்தாறு பேரும் அவரவர் தெய்வத்தை வேண்டுகிறோம்.

கார்முகில் கட்டுமான நிறுவன அலுவலகத்தார்
சங்கரன்கோவில்

கையெழுத்துகளுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் நேற்று மாலை தனியாக எழுதியது இது. மற்ற முப்பத்தைந்து பேருக்கும் இதில் பொறுப்பு இல்லை.

மூன்றாவது வரிசையில் இருக்கும் இசக்கிராஜா ஐயா, அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் சரியான பதில் வரவில்லை. மேட்டில் இருந்த சாக்கை எடுக்கச் சொன்னது இந்த மடலை உங்கள் முன் நின்று வாசிக்கிற நான்தான். என் பெயர் ரசீதா.