போணி விலை

பாதி விலைக்கு ஒரு பொருள் என்றால் நான் முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம் அது.

நீங்கள் கேட்பதால் நிதானமாகவே சொல்கிறேன், சார். பிலிப்பைன்ஸில் எங்கள் ஊரான இலோய்லோவில் பழைய சாமான் விற்கும் எங்கள் இணையக் குழுவில் மோசடி விளம்பரங்களைக் கண்டுபிடிப்பவன் நான்தான். புதுக் கணக்கு, எங்கிருந்தோ சுட்ட படம், அடிமாட்டு விலை, இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் சிவப்பில் 'மோசடி' என்று முத்திரை குத்திவிடுவேன். பள்ளிகளின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சிவப்பு மை கைக்குப் பழகியது. "மனோங் டோரோ, உங்களுக்குப் பயந்து எங்க மாமியாரே வயசை மறைக்கிறதில்ல" என்று என்னை அண்ணன் முறை வைத்துக் குழுவில் எழுதுவார்கள்.

அந்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் எனக்குச் சான்றிதழ் தருவதாக வட்டாரத் தலைவர் சொல்லியிருந்தார். ஃப்ளெக்ஸ்கூட அடித்தாகிவிட்டது. அதில் என் முகம் தலைவரின் முகத்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது. சங்கடம் என்னவென்றால், அந்த வாரம் ஒரு மோசடிக்காரனும் அகப்படவில்லை. மேடையில் காட்டப் புதிதாக ஒன்று வேண்டாமா?

புதன்கிழமை மீன்காரி பாசிங்கின் விளம்பரம் வந்தது. ஐஸ் பெட்டி, பாதி விலை, அன்றுதான் தொடங்கிய கணக்கு. "போணி விலை" என்று எழுதியிருந்தாள். சந்தையில் முதல் ஆளுக்குக் குறைத்துக் கொடுத்து, மீதியும் விற்க வேண்டும் என்று ராசிக்காக, வாங்கிய நோட்டால் மீதிச் சரக்கைத் தட்டுவது அவள் வழக்கம். இங்கே மீதிச் சரக்கு கிடையாது. இருந்தது அந்த ஒரு பெட்டிதான்.

முத்திரை குத்தினேன். வாங்க வருவதாகச் சொன்னவர்கள் எல்லாம் விலகினார்கள். "நாள்பட்ட மீனை வித்தது போதாதா?" என்று யாரோ எழுத, சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன.

மறுநாள் அவளே வந்தாள். ஈரப் பாவாடையோடு வாசலிலேயே நின்றாள்.

"மனோங், அந்தச் சிவப்பை எடுத்துடுங்க. நாளைக்கு என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். போன தடவையே காசில்லாம விட்டுப்போச்சு. காலெல்லாம் வீங்கிக் கெடக்கு."

"விலை ரொம்பக் கொறைச்சலா இருக்கே, பாசிங்."

"சீக்கிரம் வித்துப் போகணும்னுதான் மனோங். மூடி நசுங்கியிருக்கே, பாக்கலையா? கிறிஸ்துமஸுக்குக் குடிச்சிட்டு நீங்க விழுந்து நசுக்குனதுதானே. அன்னிக்குக்கூட ஒரு மீனைக் கையில குடுத்துத்தானே அனுப்பினேன்."

படத்தைப் பெரிதாக்கியபோதே அந்த நசுங்கலை நான் பார்த்திருந்தேன். யாருடைய பெட்டி என்பதும் தெரிந்துதான் முத்திரை குத்தினேன். ஆனால் விழாவுக்கு முன்னால் அதை எடுத்தால் என்மேல் மக்கள் வைத்த நம்பிக்கை என்னாவது? அது போனால் உண்மையான மோசடிக்காரன் அல்லவா பிழைத்துக்கொள்வான்?

"திங்கக்கிழமை எடுத்துடறேன்" என்றேன்.

"அதுவரைக்கும் அவர் தாங்கணுமே" என்றாள். கோபப்படவில்லை. வாசலை நனைத்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் நடக்கவில்லை. ஞாயிறன்று மேடையில் அவளுடைய விளம்பரத்தையே உதாரணமாகக் காட்டினேன். நல்ல கைதட்டல். அந்த நேரத்தில்தான் அவள் கணவன் நெஸ்டோருக்கு மூச்சு நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக முத்திரையை எடுத்துவிட்டேன். கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை, சார்.