லேத்து மேல ஒரு தவளை

...கடசீல எங்கூட்டுக்காரரு என்ர கண்ணாலக் கண்ணாடியவே கழட்டீட்டாருங்க அம்மிணி! பொறந்தூட்டுச் சீருங்க அது! செவுத்துல இருந்து கழட்டித் தரைல படுக்க வெச்சு, அதுமேல குருந்தக்கல்லுப் பொடியத் தூவி, எண்ணெய ஊத்தி, இரும்ப வெச்சுத் தேய்க்கறாரு, தேய்க்கறாரு... ஏனுங்க இப்படின்னு கேட்டா, "கண்ணாடி மாதிரி மட்டம் இந்த ஊட்டுல வேற எதுல புள்ள இருக்குது?"ங்கறாரு. அப்ப நான் எதப் பாத்துப் பொட்டு வெக்கறது? தண்ணித் தொட்டியவா?

அய்யோ, காலுல இடிச்சுருச்சுங்களா? சித்த இக்கட்டால தள்ளி உக்காருங்க. சீட்டுக்கு அடீல கெடக்கறது கரும்பாலைத் தண்டுங்க. எங்கப்பன் ஆலைக்கு. பாத்து, பாத்து... அதுல ஒரு கீறலு உளுந்துச்சுன்னா எங்கூட்டுக்காரரு என்னைய இந்த மேட்டுலயே எறக்கி உட்டுருவாரு.

பஸ்ஸு இப்பக் கெளம்புமா? நல்லாக் கேட்டீங்க போங்க! பெட்ரோலெல்லாம் சண்டைக்குப் போயிருச்சு. இந்தக் கரி பஸ்ஸு புதுச்சத்திரத்து மேடு ஏறோணும்னா, ஒரு கண்ணாலத்துக்கு ஆக்கிப் போடற நேரம் ஆவும். பின்னால அடுப்பு மூட்டி, காத்தாடி சுத்தி, ஆம்பளைங்க எல்லாம் எறங்கி... எங்கூட்டுக்காரருந்தான் எறங்கிப் போயிருக்காரு. கரியுங் கொறடும் கண்டா அவருக்குக் காலு தரைல நிக்காது. பேரா? பேர நான் எப்படிச் சொல்றது? ஈரோட்டுக்கு அக்கட்டால முருகன் மலை ஒண்ணு இருக்குதல்லோ, அதாங்க. ஆங், சென்னிமலை! நீங்களே சொல்லிப் போட்டீங்க.

நீங்க அம்மாபேட்டைங்களா? அப்பத் தறி இருக்கும். அப்ப உங்களுக்குச் சொன்னா வெளங்கும். தறி முறுக்கிக்கிட்டு நின்னாத் துணி எப்படி வரும்? ஒரு ஓரம் இறுகி, ஒரு ஓரம் தொங்கி... அதேதானுங்க எங்கூட்டுல இரும்பு கடையற லேத்தும்.

பள்ளிபாளையத்துல ஒரு பஞ்சு மில்லு மூடிக் கெடந்துச்சு. அதுல தட்டுமுட்டுச் சாமானோட சாமானாக் கெடந்த லேத்துங்க. ரெண்டு சோடி மாடு பூட்டி இழுத்துட்டு வந்தாரு. இவிய அண்ணந்தம்பி எல்லாம் காட்டுல ஏரு ஓட்டறாங்க, இவரு மாத்திரம் இரும்பு ஓட்டறேன்னு நிக்கறாரு. ஊரே வந்து பாத்துச்சு. ஆயில் இஞ்சினப் பூட்டி, வாரு மாட்டி, மொதத் தண்டக் கடஞ்சாரு பாருங்க... இந்தக் கோடி தடி, அந்தக் கோடி ஒல்லி. முள்ளங்கி! அச்சா முள்ளங்கியேதான்! என்ர அண்ணன், காளியப்பன்னு ஒருத்தன் இருக்கறான், அவன் அதத் தூக்கிப் புடிச்சுட்டு "மாப்பளே, இதச் சாம்பாருல போடலாமா?"ன்னு கேட்டான். இவரு மூஞ்சி சுண்டிப் போச்சு.

சிரிப்புக் கெடக்குது உடுங்க. அங்க எங்கப்பனுக்கு மூணு ஏக்கராக் கரும்பு முத்தி நிக்குது. ஆலைத் தண்டு ஒடஞ்சு போச்சு. சீமைல இருந்து புதுசு வருமா? கப்பலே வாரதில்ல. "மருமவன் கடஞ்சு தருவாரு"ன்னு எங்கப்பன் ஊரெல்லாம் சொல்லிட்டாரு. தையி பொறந்து இன்னும் ஆட்டுலீன்னா கரும்பு அடுப்புக்குத்தான் ஆவும்.

என்னன்னு பாத்தா, லேத்துக்குப் பெட்டுன்னு ஒண்ணுங்க. நீட்டமா, அதுமேல ரெண்டு முதுகு. ஒண்ணு கூரை மாதிரி, ஒண்ணு பலகை மாதிரி. கடையற உளி அதுமேலதான் ஓடுது. இருவது வருசம் ஓடி ஓடித் தேஞ்சு பள்ளமாப் போச்சு. அதச் சொரண்டிச் சமம் பண்ணோணும். எங்க மேடு, எங்க பள்ளம்னு பாக்க ஒரு கேஜு வேணும். அது சீமைச் சாமானு. கெடைக்காது. "கெடைக்காட்டிப் போவுது, நானே செய்யறேன்"ன்னு அன்னைக்குப் புடிச்சதுங்க கெரகம்!

நாலு இரும்புக் காலு. அத மட்டம் பண்ணத்தான் என்ர கண்ணாடி. நாலு காலையும் ஒரு சட்டத்துல மாட்டி, அந்த ரெண்டு முதுகு மேலயும் குத்த வெச்சாப்பல உக்காருது. பாத்தா அச்சாத் தவளை! நான் தவளைன்னுதான் சொல்லுவேன், அவருக்குக் கோவம் வரும். தவளை முதுகு மேல ஒரு கண்ணாடிக் கொழா. வெளக்குல காட்டி ஒரு நூலளவு வளச்சு, ஆசுபத்திரி ஸ்பிரிட்ட ஊத்தி, அரக்கு வெச்சு அடச்சாரு. உள்ள ஒரு குமிழி. மூணு கொழா வெடிச்சு நாலாவதுதான் நின்னுச்சு. பக்கத்துல ஒரு முள்ளு, மேடு பள்ளம் பாக்க. அது என்னங்கறீங்க? எங்கப்பன் மறந்து வெச்சுட்டுப் போன கொடைக் கம்பி! இந்தக் கோடீல என்ர தலமுடி ஒண்ண அடீல உட்டா, அந்தக் கோடி வெரக்கடை அளவு துள்ளுது. அம்மிணி, எனக்கே ஒரு நிமிசம் ஆச்சரியமாப் போச்சுங்க. என்ர முடிக்கு இத்தன கனமா!

அப்பறம் குங்குமம். சிமிழு காலி! வெளக்கெண்ணைல கொழச்சுத் தவளைக் காலுல பூசி, பெட்டு மேல நகத்துனா, செவப்பு ஒட்டுன எடமெல்லாம் மேடாம். அத மாத்திரம் சொரண்டோணுமாம். பழைய அரத்தத் தீட்டிச் சொரண்டி பண்ணி, கறக்கு, கறக்குன்னு... லேத்து நெத்தில எல்லாம் குங்குமம், என்ர நெத்தி வெறும் நெத்தி. ஒறம்பரைக்கு வந்தவ ஒருத்தி கும்புட்டே போட்டாளுங்க!

லேத்து சாஞ்சு நின்னாலும் குத்தமில்லையாம். தவளைய இந்தக் கோடீல இருந்து அந்தக் கோடிக்குத் தள்ளுனா, குமிழி ஒரே எடத்துல நிக்கோணும். ஓடுச்சுன்னா பெட்டு முறுக்கிக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம். இவரு சொரண்டறாரு, குமிழி நிக்குது. காத்தால பாத்தா ஓடியிருக்குது. மறுக்காச் சொரண்டறாரு, நிக்குது. ரெண்டு நாளு கழிச்சு, ஓடியிருக்குது. இப்படி இருவது நாளுங்க! வெய்யிலுங்கறாரு, பனிங்கறாரு, கொழா ஒழுவுதுங்கறாரு. தவளைய மூணு தடவ பிரிச்சுக் கட்டுனாரு. சோறு எறங்குல. கண்ணு ரெண்டும் செவந்து வீங்கிப் போச்சு. ஒரு நாளு தவளையத் தூக்கிட்டுக் கெணத்து மேட்டுக்குப் போயிட்டாரு. நான் ஓடி மறிச்சேன். "என்ர கண்ணாடி உசுரு அதுல இருக்குது, போட்டீங்கன்னா நானும் குதிப்பேன்"ன்னேன். அப்பத்தான் அவரு அழுதத மொதமொதாப் பாத்தனுங்க. "லேத்த எடைக்குப் போட்டர்றேன் புள்ள. ஏரே புடிக்கறேன்"னாரு.

மறுநாளு, கண்ணு தெரியுலீன்னு என்னையக் குமிழி பாக்கச் சொன்னாரு. நான் பாத்தேன். "கடைசிக் காலுக்கிட்டப் போவப் போவ இக்கட்டால ஓடுதுங்க"ன்னேன். அவரு ரோசன பண்ணிட்டே சொல்றாரு: "அந்தக் காலு எறங்குனா அப்படித்தான் காட்டும். ஆனா அது எறங்காது. அடீல நாந்தான் இரும்புத் தகடு செருகியிருக்கறனே."

அம்மிணி... கிட்ட வாங்க. இத நான் ஒருத்தருகிட்டயும் சொல்லுல. எங்கம்மாகிட்டக் கூடச் சொல்லுல. நீங்க நாமக்கல்லுல எறங்கிப் போயிருவீங்க, அந்தத் தைரியத்துல சொல்றேன்.

அந்தத் தகடு அடுப்புல இருந்துச்சுங்க! என்ர அடுப்புல!

சட்டி தாங்கற அடுப்புக் குமிழு ஒண்ணு ஒடஞ்சு போச்சு. களிச்சட்டி ஆடுது. கெளறறப்பச் சாஞ்சு, ஒரு நாளு கையெல்லாம் பொத்துப் போச்சு. கூட்டறப்பப் பாத்தேன், லேத்துக் காலுக்கடீல ஒரு தகடு, தொட்டா ஆடுது, சும்மா செருகி வெச்சாப்பல. இத்தாப் பெரிய இரும்புக்கு இந்தத் துண்டு எதுக்குன்னு உருவிட்டேன். சட்டி அப்படியே கல்லாட்ட நின்னுச்சு! கீழ மண்ணுத் தரை. வாரத்துக்கு ரெண்டு தடவ சாணி போட்டு நாந்தான் மொழுகறேன். ஈரத்துல அந்தக் காலு நாளுக்கு ஒரு நூலா எறங்கியிருக்குது. தவளை ஒரு நாளும் பொய் சொல்லுலீங்க! என்ர களிச்சட்டி மட்டமா நிக்கோணும்னு அவரு லேத்தக் கோணலாக்கிப் போட்டேன். தவளையத்தான் அவரு வைய்யறாரு, வெய்யிலத்தான் வைய்யறாரு, நான் பக்கத்துல நின்னு மோரு ஊத்திக் குடுக்கறேன்!

கண்ணுக்கு மருந்து வாங்க அவரு திருச்செங்கோடு போன அன்னைக்குக் கடப்பாரைய எடுத்தேன். கல்ல அண்டக் குடுத்து, கடப்பாரை மேல தொங்கி ஏறி நின்னு, ஒரு எம்பு எம்புனேன். காலு எந்திரிச்சுச்சு! தகட்டக் காலாலயே தள்ளிச் செருகிட்டேன். நான் நசுங்கியிருந்தாக் கேக்க ஆளில்ல. ஆனா சித்த யோசிச்சுப் பாருங்க, இருவது நாளாக் கோணலுக்குத் தக்கனச் சொரண்டி வெச்சிருக்காரு. இப்பக் காலு நேராச்சு, முதுகு கோணலாச்சு. அவரு வந்து தவளைய வெச்சாரு. குமிழி அக்கட்டால ஓடுது! ஏன்னே தெரியுலன்னு தாடையச் சொறிஞ்சாரு. நான் என்ன பண்றது? "நானுஞ் சொரண்டறனுங்க"ன்னேன். ஒம்போது நாளு! இந்தக் கையப் பாருங்க, காப்புக் காச்சிருக்குது. களி கெளறுன கைக்கு அது ஒரு மாதிரி வாட்டமா வந்துச்சுங்க. செவப்பு ஒட்டுன எடத்துல ஒரு தொடு, நகத்தளவு. பத்தாவது நாளு தவளையத் தள்ளுனோம், இந்தக் கோடீல இருந்து அந்தக் கோடிக்கு. குமிழி அசையுல! நான் சத்தம் போட்ட சத்தத்துல கோழியெல்லாம் கூரை ஏறிப் போச்சு! தண்டக் கடஞ்சோம். இன்னைக்குச் சேலத்துல ஒரு பெரிய பட்டறைல சீமைக் கேஜு போட்டுப் பாத்துட்டு வாராரு. ரெண்டு கோடியும் ஒரே கனம்! நான் பஸ்ஸு ஸ்டாண்டுல சாமானுக்குக் காவலு. அவரு வந்த வரத்தப் பாத்திருக்கோணுமே, வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம்...

ஏன் அம்மிணி வாயப் பொத்தறீங்க? என்ன? பின்னாலயா?

...ஏனுங்க. எப்பப் புடிச்சு நிக்கறீங்க? மூஞ்சியெல்லாம் கரி... தொடைங்க மொதல்ல. என்ன கேட்டீங்க? எதுல இருந்து காதுல உளுந்துச்சு? அடுப்புத் தகடு கதைல இருந்தா?

என்னது... தெரியுமா? அன்னைக்கேவா? எப்படி? தகட்டுல... தகட்டுல களி ஒட்டியிருந்துச்சா!

அப்ப ஒம்போது நாளு! ஒம்போது நாளு தெரிஞ்சுட்டே, கொப்புளங் கொப்புளமா நான் சொரண்டறதப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்களா? "அக்கட்டால ஓடுது புள்ள, ஏன்னே தெரியுல"ன்னு தாடையச் சொறிஞ்சுட்டு நின்னீங்களே! கேட்டீங்களா அம்மிணி இந்த அநியாயத்த? நான் ராத்திரி தூங்காம வெசனப்பட்டு, சாமிக்கு மஞ்சத்துணில காசு முடிஞ்சு வெச்சு... எதுக்குச் சிரிக்கறீங்க? உங்களத்தானுங்க! எதுக்கு எங்கிட்டச் சொல்லுல?

என்ன? சத்தமாச் சொல்லுங்க. பஸ்ஸு கெளம்பிருச்சு, இஞ்சின் சத்தத்துல கேக்குல.

...சொல்லியிருந்தா நான் சொரண்டறத நிறுத்தியிருப்பனா? நிறுத்துனா என்ன? ...என்ர கைத் தொடு உங்களுக்கு வரதில்லையா? பொய்யி. சும்மா சொல்றாரு அம்மிணி, என்னையச் சமாதானம் பண்ண.

சேலத்துப் பட்டறைலயா? அவிய லேத்தும் தேஞ்சு கெடக்குதா? அங்கயும்... என்னன்னு சொன்னீங்க? தவளையோட ரெண்டு பேரு வாறோம்னா? யாரு ரெண்டாவது ஆளு?

நானா?

அய்யய்யோ! அத்தன ஆம்பளைங்க நிக்கற எடத்துல, நான் சீலைய இழுத்துச் சொருகிட்டு... எங்கப்பன் என்ன சொல்லுவாரு? அண்ணன் என்ன சொல்லுவான்? ஊட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டறது ஆரு? நல்ல கூத்துங்க இது! ஒரு வார்த்த கேக்காம கொள்ளாம வாறோம்னு சொல்லிப் போட்டு வந்திருக்காரு, கேட்டீங்களா அம்மிணி...

...செரி, அது கெடக்கட்டும். ஏனுங்க, எப்பப் போறோம்?