ஏழாவது குழியில் குழாய் பளபளத்தது பற்றி

என் பெயரும் வீட்டு விலாசமும் முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தாறு. நிலத்தடி எரிவாயுக் குழாயில் எங்கே வெடிப்பு விழக்கூடும் என்று கணித்துச் சொல்வது என் வேலை. மனைவி என்னைச் சந்தேகப் பிராணி என்பாள். எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

ஈர மண், பூச்சு உரிந்த இரும்பு, உள்ளே ஓயாத அழுத்தம், இம்மூன்றும் சேருமிடத்தில் முடி போன்ற வெடிப்புகள் கூட்டமாக வரும். அப்படி ஏழு இடங்களைச் சென்ற வருடம் குறித்துக் கொடுத்தேன். அங்கே குழி தோண்டி, குழாயைத் துடைத்து, வெடிப்பைக் காட்டும் காந்தப் பொடி தூவிப் பார்த்த சோதனைக்காரர் என் மனைவியின் அண்ணன். ஏழுக்கும் 'வெடிப்பு இல்லை' என்று எழுதித் தந்தார்.

அதன்பிறகு, கடைசியாக வந்த ஏழாவது குழியின் புகைப்படத்தைப் பார்த்தேன். குழாய் புதுப் பாத்திரம் போல் பளபளத்தது. பொடி தூவ அவ்வளவு தேய்க்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் தடிமனும் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மாலையே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "முடி மாதிரி நாலு கோடு இருந்துச்சு மாப்ளே. கிரைண்டர் வெச்சுத் தேய்ச்சேன், போயிடுச்சு. போனத எதுக்கு எழுதணும்?" என்றார்.

தேய்த்து எடுப்பது தவறில்லை. ஆனால் எழுதியிருந்தால் பக்கத்திலும் தோண்டிப் பார்த்திருப்போம். வீடு திரும்பியதும் மனைவி, "எங்க அண்ணன் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். கணிப்பில் அந்தப் பகுதியை 'பத்திரம்' என்று மாற்றியதும் நான்தான்.

சென்ற செவ்வாய் காலை பத்தரை மணிக்கு, அந்தக் குழிக்கு நாற்பது மீட்டர் தள்ளிக் குழாய் பிளந்து தீப்பிடித்தது. வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் மருத்துவமனையில் கிடக்கிறார். போய்ப் பார்த்தேன். வெட்கத்தில் அவர் மனைவியிடம் நான் யாரென்று சொல்லவில்லை.

அதன்பிறகு, அதுவரை பார்க்கத் துணியாமல் வைத்திருந்த மற்ற ஆறு புகைப்படங்களையும் நேற்று திறந்தேன். மூன்றில் அதே பளபளப்பு. அதில் ஒன்று பேருந்து நிலையத்தின் பின்பக்கம். அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லி மேலாளரிடம் போனேன். "விசாரணை முடியட்டும், பார்க்கலாம்" என்றார். அதனால்தான் விசாரணை அதிகாரியான நீங்கள் அழைக்கும் முன்பே வாக்குமூலம் கொடுக்க வந்தேன். மனைவிக்குத் தெரியாது.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எதையும் கூட்டவில்லை, மறைக்கவில்லை. நான் கையெழுத்திடும் இந்த நேரத்திலும் பேருந்து நிலையத்தின் பின்னால் வாயு முழு அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

(ஒப்பம்)