இரண்டு சம்பந்தி, ஒரு கொப்பரை

வில்மா: பேரு என்னவோ மீனவர் கோட்டை. இத்தனை படி ஏறி வந்தும் ஒரு மீன் முள்ளைக்கூடக் காணோம். புடாபெஸ்ட்காரங்களே இப்படித்தான் சம்பந்தியம்மா, பேரு மட்டும்...

ரோஸாலியா: மூச்சு வாங்குது உங்களுக்கு. முதல்ல உட்காருங்க. கீழே பாருங்க, எப்படி ஓடுது!

வில்மா: எது?

ரோஸாலியா: டான்யூப்தான். இங்கேருந்து நேரா எங்க பொயா ஊருக்குத்தான் வருது. உங்க செகெட் ஊர் ஆறு... அது பேரென்ன... திசா... அது தலைநகரத்துப் பக்கம் தலையே காட்டலையே?

வில்மா: அது மானமுள்ள ஆறு. கூப்பிடாத இடத்துக்குப் போகாது.

ரோஸாலியா: வாய்க்கு மட்டும் மூச்சு வாங்க மாட்டேங்குது.

வில்மா: மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கடையில இருக்கணும். இப்பவே சொல்லிட்டேன், சனிக்கிழமை என் பொண்ணு கல்யாணத்துல செகெட் மீன் சூப்புதான்.

ரோஸாலியா: என் பையனுக்கும் அன்னிக்குத்தான் கல்யாணம். அதே பந்தி. எங்க பொயா சூப்புதான்.

வில்மா: ரெண்டையும் வச்சா அந்தக் கடைக்காரருக்கு என்ன கேடு?

ரோஸாலியா: பந்தி நடக்கிற அவர் கடை முற்றத்துல ஒரே ஒரு கொப்பரைக்குத்தான் அடுப்பு இருக்குன்னு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. உங்க லில்லாவும் எங்க பென்சேயும் கையை விரிச்சுட்டாங்க. "அம்மாக்களே, காலையில ஜோடியா ஊர் சுத்துங்க, மத்தியானம் ரெண்டையும் ருசி பாருங்க, சாயங்காலம் ஒண்ணைச் சொல்லுங்க"ன்னு.

வில்மா: மோதிரம் மாத்துறதுக்கு முன்னாடியே நம்மளைக் கழட்டி விட்டுட்டாங்க.

ரோஸாலியா: ஊர் சுத்தின லட்சணம்தான் தெரியுதே! பார்லிமெண்ட்ல ராஜா கிரீடத்துக்குக் காவலா வாளோட நின்ன சிப்பாய்கிட்டப் போய், "நீங்க எந்த ஊர் மீன் சூப்பு குடிப்பீங்க"ன்னு கேட்டீங்களே! எனக்குத் தரையில புதைஞ்சுக்கலாம் போல ஆயிடுச்சு.

வில்மா: அவர் கண்ணை அசைச்சார். செகெட் பக்கமா.

ரோஸாலியா: தும்மலை அடக்கினார் பாவம்.

வில்மா: பெரிய சந்தையில பார்த்தீங்கல்ல? முன்வரிசை முழுக்க எங்க ஊர் மிளகாய்ப்பொடி.

ரோஸாலியா: விக்காதது முன்வரிசையிலதான் இருக்கும். சரி, ஆளுக்கு ஒரு ஓட்டு. சமமாப் போனா என்ன பண்றது?

வில்மா: ராத்திரி ரயில்லயே யோசிச்சுட்டேன். எதிராளி சூப்பை யாரு ரெண்டாவது கரண்டி கேட்கிறாங்களோ, அவங்க தோத்தாங்க. வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம், வயிறு சொல்லட்டும்.

ரோஸாலியா: ...சம்மதம். எந்திரிங்க, பஸ் வருது.

*

கால்மான்: வாங்கம்மா, வாங்க. ஜன்னலோர மேஜை உங்களுக்குத்தான். நான் கால்மான், கடையும் என்னுதுதான், சமையலும் நான்தான். முதல்ல பொயா சூப்பு.

வில்மா: இதென்ன, மீனைத் தனித் தட்டுல ஒதுக்கி உட்கார வச்சிருக்கு? சாறுக்கும் மீனுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?

ரோஸாலியா: எங்க முறை அதுதான். முதல்ல சேமியாவும் சாறும். மீன் தனியா. சேமியாவைக்கூட வேற பாத்திரத்துல வேகவச்சுத்தான் சேர்ப்போம்.

வில்மா: மீன் சூப்புல சேமியா! எங்க தெருவுல சொன்னா வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிப்பாங்க.

ரோஸாலியா: ஒரு வாய் வையுங்க, அப்புறம் அழலாம்.

வில்மா: ...ம்.

ரோஸாலியா: என்ன ம்?

வில்மா: சுடுதுன்னு ம்.

ரோஸாலியா: சுடுதுன்னா இவ்வளவு வேகமாவா குடிப்பாங்க?

வில்மா: ஆறினா நல்லாருக்காதேன்னு... கால்மான் ஐயா, அந்தச் சேமியா மட்டும்... ஒரு துளி...

ரோஸாலியா: கேட்டாச்சு! கேட்டாச்சு! ரெண்டாவது கரண்டி!

வில்மா: சேமியா எப்படிச் சூப்பாகும்? வேற பாத்திரத்துல வெந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க?

ரோஸாலியா: வக்கீலாப் போயிருக்க வேண்டியவங்க நீங்க. ஐயா, நீங்களே சொல்லுங்க, இது செல்லுமா?

கால்மான்: எனக்குப் பொண்டாட்டி, மாமியார் ரெண்டு பேரும் இருக்காங்கம்மா. நான் எதுலயும் கருத்துச் சொல்றதில்லை. இந்தாங்க, செகெட் சூப்பு.

வில்மா: ஆஹா! நிறத்தைப் பாருங்க! கெட்டியைப் பாருங்க! கரண்டியை நட்டா நிக்கும். ...ம்ம். அச்சு அசல் என் வீட்டுச் சூப்பு! கண்ணை மூடிக் குடிச்சா நானே வச்சதுன்னு சத்தியம் பண்ணுவேன். நீங்க குடிங்க சம்பந்தியம்மா.

ரோஸாலியா: ...

வில்மா: என்ன, நாக்குலயே வச்சு உருட்டுறீங்க? அசந்துட்டீங்களா?

ரோஸாலியா: கால்மான் ஐயா, கொஞ்சம் இங்க வாங்க.

வில்மா: கூப்பிட்டாச்சு! ரெண்டாவது கரண்டி! லில்லாவுக்கு இப்பவே போன் போடுறேன்...

ரோஸாலியா: போனைக் கீழே வையுங்க. ஐயா, இதுக்கு அடிச்சாறு எதுல எடுத்தீங்க?

கால்மான்: கெண்டைத் தலை, வால், எலும்பு...

ரோஸாலியா: பொடி மீன்?

கால்மான்: ...இந்த வாரம் கிடைக்கலைம்மா.

ரோஸாலியா: சரி. வெங்காயத்தோட குழைய வேகவச்சுச் சல்லடையில தேய்ச்சீங்களா?

கால்மான்: தேய்க்காமலா! ரெண்டு தடவை.

ரோஸாலியா: கையாலயா?

கால்மான்: ...கை மாதிரிதான்.

ரோஸாலியா: நாக்குல மணல் மாதிரி நெருடுது. சல்லடையில தேய்ச்சா சதை கீழே இறங்கும், முள்ளு மேலேயே நின்னுடும். மெஷின்ல அடிச்சா முள்ளும் சேர்ந்து மாவாயிடும். சொல்லுங்க, எந்த மெஷின்?

கால்மான்: ...ஜெர்மன் மெஷின்மா. விலை கூடுதல். நல்ல மெஷின்.

வில்மா: மெஷினா!

ரோஸாலியா: அது மட்டுமா? கரண்டியை விட்டுக் கிளறியிருக்கீங்க. மீன் துண்டெல்லாம் உடைஞ்சு கிடக்கு. கொப்பரையோட காதைப் பிடிச்சு ஆட்டணுமே தவிர, கரண்டி உள்ள போகலாமா?

வில்மா: போகலாமா? கேட்கிறாங்கல்ல, பதில் சொல்லுங்க! செகெட் பேரைப் பலகையில எழுதி வச்சுட்டு உள்ள மெஷினை ஓட்டுறீங்களா? எங்க ஊர்ல தெரிஞ்சா உங்களைத் திசாவுல முக்கி எடுப்பாங்க!

கால்மான்: மெதுவாம்மா, மத்த மேஜைக்காரங்க திரும்பிப் பார்க்கிறாங்க...

வில்மா: பார்க்கட்டும்! கேட்கட்டும்!

கால்மான்: பதினொரு வருஷமாக் கடை நடத்துறேன். செகெட்லேருந்து பஸ் பஸ்ஸா வந்து குடிச்சுட்டு, கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போயிருக்காங்க. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கலை. ஏன், இந்தம்மாகூட இப்பத்தான் அச்சு அசல்னு...

வில்மா: அது... பசியில சொன்னது.

கால்மான்: நான் தோத்தேன்மா. சனிக்கிழமை அடுப்பும் கொப்பரையும் உங்க ரெண்டு பேருக்குத்தான். நீங்களே சமைங்க. நான் ஓரமா நின்னு வெங்காயம் உரிக்கிறேன்.

ரோஸாலியா: வெங்காயத்தையாவது கத்தியால நறுக்குவீங்களா, அதுக்கும் ஜெர்மன்தானா?

கால்மான்: கத்தியாலதாம்மா, கத்தியாலதான். இருங்க, பாலாடைக்கட்டி உருண்டை எடுத்துட்டு வரேன், என் உபசரிப்பு. அது நிஜமாவே கையால உருட்டினது.

வில்மா: ஓடுறார் பாருங்க! தொப்பி விழுந்ததுகூடத் தெரியாம! சம்பந்தியம்மா, கையைக் கொடுங்க. ராஜா கிரீடத்தைப் பார்த்தப்போகூட எனக்கு இப்படிப் புல்லரிக்கலை.

ரோஸாலியா: நீங்களும் சும்மா இல்லையே. திசாவுல முக்குறதாமே!

வில்மா: ஆனா ஒண்ணு... பொயாவுல யாரும் சல்லடையைத் தொடறதே இல்லை. அது எங்க ஊர் வேலை. உங்களுக்கு எப்படி?

ரோஸாலியா: ...அந்த ரொட்டியை இப்படித் தள்ளுங்க.

வில்மா: ரொட்டி அப்புறம். எப்படி?

ரோஸாலியா: சேமியாவுக்குச் சம்மதம்னு சொல்லுங்க, சொல்றேன்.

வில்மா: கல்யாணத்துக்கு உங்க சூப்பா? முடியாது!

ரோஸாலியா: இல்லை. சனிக்கிழமை செகெட் சூப்புதான். நீங்க ஜெயிச்சாச்சு. சேமியா ஓரமா ஒரு கிண்ணத்துல இருக்கட்டும், என் வீட்டுக்காரர் முகத்துக்காக.

வில்மா: விளையாடாதீங்க. காலையிலேருந்து ஒரு படி விட்டுக் கொடுக்காம சண்டை போட்டுட்டு...

ரோஸாலியா: அது முப்பத்தி நாலு வருஷப் பழக்கம். நான் பிறந்தது செகெட்ல.

வில்மா: என்னது!

ரோஸாலியா: மெதுவா! தாப்பே பக்கம், ஆத்தங்கரையை ஒட்டின வீடு. எங்கப்பா திசாவுல வலை போட்டவர். பத்து வயசுலேருந்து அவருக்குச் சல்லடையில தேய்ச்சுக் கொடுத்தது நான்தான்.

வில்மா: கெச்கெமேட் ஊர்க்காரின்னுதானே பென்சே சொன்னான்?

ரோஸாலியா: அவனுக்கும் அதான் தெரியும். புகுந்த வீட்டு வாசல்ல காலை வச்சதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "செகெட்காரி இல்லையே?" என் வீட்டுக்காரர் முந்திக்கிட்டு "கெச்கெமேட்"னுட்டார். சொன்ன பொய்யை அவருக்காகக் காப்பாத்தி, தெருவே மெச்சுற மாதிரி சேமியா சூப்பு வச்சேன். எங்கப்பா சூப்பு என் அடுப்புல ஒரு நாள்கூட ஏறலை.

வில்மா: ஐயோ...

ரோஸாலியா: ஐயோவெல்லாம் வேண்டாம். தொண்ணூத்தியொரு வயசு மாமியார் சனிக்கிழமை முதல் வரிசையில உட்காரப் போறாங்க. செகெட் சூப்பை நல்லாக் குடிக்கட்டும். ரெண்டாவது கரண்டி கேட்கட்டும். ஊரே பார்க்கக் கேட்கட்டும். அப்புறம் எழுந்து நின்னு சொல்றேன், வச்சது யாரு, பிறந்தது எங்கேன்னு!

வில்மா: சபாஷ்! அந்த முகத்தைப் பார்க்கவே நான் புதுச் சட்டை எடுக்கணும்.

ரோஸாலியா: நூறு பேர் பந்தி, ஒத்தைக் கை போதாது. பொடி மீனை நானே தேடிப் பிடிச்சு வேகவச்சுடுவேன், சல்லடை வேலை உங்களுது. செகெட்ல நீங்க வைக்காத சூப்பா, என்ன சொல்றீங்க?

வில்மா: சொல்றேன்... அவர் உருண்டையோட வர்றதுக்குள்ள காதைக் கொடுங்க. லில்லாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அந்த மெஷின் சூப்பு அச்சு அசல் என் வீட்டுச் சூப்புன்னேனே, அது பசியில சொன்னது இல்லை சம்பந்தியம்மா... இருபது வருஷமா நான் கடையில விக்கிற உறைஞ்ச சூப்புக் கட்டியை வாங்கி வெந்நீர்லதான் கரைக்கிறேன்.