ஜெபத்துக்காகக் கழற்றிய ஷூ

"படுங்கக்கா! கீழ படுங்க!"

ஸ்டெல்லா கத்துகிறாள். படுக்கிறேன். வாய்க்குள் சிமெண்ட் தூள். முதல் குண்டு நீளமாக விசிலடித்து விழுந்தது. இரண்டாவதற்கு விசில் இல்லை. நேராக வெடிப்பு. செவ்வாய்க்கிழமை. காலை ஆறு பத்து.

சூடான். கார்ட்டூமில் ஒரு மருத்துவமனையின் அடித்தளம். சண்டை தொடங்கிப் பதினோராம் நாள். நாங்கள் இருவரும் நர்ஸ்கள். நான் திருவண்ணாமலை, செங்கம் ரோடு. ஸ்டெல்லா கீழ்பென்னாத்தூர். என்னைவிட ஆறு வயது சின்னவள். நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் அவள் அம்மா அவளை அனுப்பினார்.

குண்டு விழுந்தபோது ஜெபத்தில் இருந்தோம். எங்கள் சபையில் யாரும் காலில் செருப்போடு ஜெபிப்பதில்லை. சர்ச் வாசலில் கழற்றுவோம். வீட்டில் பாய் விரித்து முழங்கால் போடுவோம். அந்த அடித்தளத்தில் முதல் நாளே ஸ்டெல்லா சொன்னாள்: "அக்கா, கண்ணாடி ஜாஸ்தியா கெடக்குது. ஷூவோடயே பண்ணிக்கலாங்க்கா." நான் அதட்டினேன். "கர்த்தர் முன்னாடி ஷூவா? கழட்டுடி." என் பக்தி அப்படிப்பட்ட பக்தி.

மேல் ஜன்னல் மொத்தமாக உள்ளே விழுகிறது. ஒரு கட்டில் எரிகிறது. கட்டிலில் ஆள் இருக்கிறார். காவலாளி அரபியில் கத்துகிறார். வெளியே, வெளியே. வெறுங்காலோடு ஓடுகிறேன். குதிகாலில் கண்ணாடி இறங்குகிறது. படி உச்சியில் விழுந்தேன். பின்னாலேயே ஸ்டெல்லா. அவள் காலிலும் ரத்தம். என் காலைத்தான் பார்த்தாள்.

"உக்காருங்கக்கா. ரெண்டு பேரு ஷூவையும் எடுத்துட்டு வந்துர்றேன்."

"போகாதடி! வாடி மேல!"

போய்விட்டாள்.

ஆறு பதினாலு. மூன்றாவது குண்டின் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. படிக்கட்டு புகையாக மேலே வந்தது. அதை மட்டும் பார்த்தேன். கையால் தோண்டினேன். நகம் பெயர்ந்தது. முதலில் கிடைத்தது அவள் கை. அதில் என் ஷூ. லேஸை விரலில் சுற்றி வைத்திருந்தாள்.

மதியம் குண்டு ஓய்ந்த இடைவெளியில், முற்றத்தில் புதைத்தோம். பெட்டி இல்லை. பெட்ஷீட். பரமண்டல ஜெபம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது. மண்ணைத் தள்ளினோம்.

ஊர் திரும்பினேன். அவள் அம்மாவிடம் சொன்னேன், "தூக்கத்துலயே போயிட்டாம்மா. ஒண்ணும் தெரியாது அவளுக்கு." ஞாயிறுதோறும் அவர் பஸ் ஏறி எங்கள் சர்ச்சுக்கு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை எனக்கு நெருப்பாகச் சுட்டது.

உயிர் தப்பி வந்தவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்வது எங்கள் சபை வழக்கம். கர்த்தர் என்னைக் காப்பாற்றினார் என்று முடிக்க வேண்டும். போதகர் ஏழு மாதம் கூப்பிட்டார். ஏழு மாதமும் தலைவலி என்றேன். என்னைக் காப்பாற்றினார் என்றால், அவளை? அந்த அம்மாவை வைத்துக்கொண்டு எந்த வாயால் சொல்வது?

எப்படி விசுவாசத்தில் நின்றாய் என்று கேட்கிறார்கள். நின்றேன் என்று யார் சொன்னது? தவழ்ந்தேன். சொந்த வார்த்தை வராத நாளில் மனப்பாடமான ஜெபத்தைச் சத்தமாகச் சொன்னேன். நின்ற இடத்திலிருந்து மறுநாள் தொடர்ந்தேன். கோபத்தை வேறு யாரிடமும் காட்டவில்லை. கர்த்தரிடமே கொட்டினேன். நன்றாகத் திட்டியிருக்கிறேன். பௌர்ணமி சாயங்காலங்களில் அடி அண்ணாமலைக்குப் போய், மலை சுற்றி வருபவர்களின் வெடித்த பாதங்களுக்கு மருந்து போட்டேன். கூப்பத் தெரியாமல் போன கைக்கு வேலையாவது இருக்கட்டும் என்று. ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு எந்த ஜெபமும் முடியவில்லை.

எட்டாம் மாதம் எழுந்து நின்றேன். ஷூவைக் கழற்றச் சொன்னது நான் என்றேன். அவள் கீழே போனது என் காலுக்காக என்றேன். சபையில் ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஸ்டெல்லாவின் அம்மா எழுந்து வெளியே போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்.

கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். அந்த அம்மாதான் கதவைத் திறந்தார்.

"எட்டு மாசம் என் கையப் புடிச்சுக்கினு பொய் சொல்லிட்டியே," என்றார். "உன்ன மன்னிச்சேன்னு இன்னும் சொல்ல வரல. ஆனா தனியா ஜெபம் பண்ணவும் முடியல எனக்கு. உள்ள வா."

முழங்கால் போட்டோம். கார்ட்டூமில் நின்றுபோன ஜெபத்தை அவர் சொல்லச் சொல்ல முழுக்கச் சொன்னேன். இப்போதும் வாரம் ஒரு நாள் போகிறேன். மன்னித்தேன் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த அடித்தளத்தில் பதினான்கு பேர் இருந்தோம். ஐந்து பேர் வெளியே வந்தோம். நோயாளிகள் ஆறு பேர் செத்தார்கள். டாக்டர்கள் இரண்டு பேர். ஸ்டெல்லா, வயது இருபத்தாறு. எனக்கு வலது காது போனது. அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரே பிள்ளை.